நிர்வாகியை அணுகவும்

காலையில் எழுகிறேன். பல் தேய்க்கிறேன். கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு, கொதிக்கும்வரை சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கிறேன். கொதித்ததும் அது தானாக நின்றுவிடும். நான் நிற்பதில்லை. தண்ணீர் ஆறிப்போகும். மறுபடி கொதிக்க வைக்கிறேன். குடிக்கிறேன். கணினியின் பொத்தானை அழுத்துகிறேன்.

திரையின் ஓரத்தில் இரண்டு பெயர்கள் வரும். மேலே அவள் பெயர். பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் அவள் முகம். கீழே என் பெயர். என் வட்டத்தில் முகம் இல்லை. படம் எதுவும் வைக்காதவர்களுக்கு வரும் சாம்பல் நிறத் தலைதான் இருக்கும். என் பெயரைத் தட்டுகிறேன். கடவுச்சொல் கேட்கும். கொடுக்கிறேன்.

அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திரையில் இந்த வரிசை மாறவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு பார்சல் கம்பெனியில். போய்ச் சேராமல் திரும்பி வரும் பார்சல்களின் முகவரியைச் சரிபார்ப்பது என் வேலை. கதவு எண் இருக்கும், தெரு இருக்காது. தெரு இருக்கும், ஆள் இருக்க மாட்டார். வீட்டிலிருந்தே பார்க்கலாம். அப்படிப் பார்ப்பவர்களின் சொந்தக் கணினி பத்திரமாக இருக்கிறதா என்று கவனிக்க, கம்பெனி ஒரு பிரிவு தொடங்கியது. இல்லக் கணினி நலப் பிரிவு. தொடங்கியபோது அதில் ஒருவர் இருந்தார். இப்போது பார்சல் தூக்குபவர்களைவிட அவர்கள் அதிகம். அலுவலகத்தில் என் பழைய நாற்காலியில் அந்தப் பிரிவின் துணை ஆலோசகருடைய உதவியாளர் உட்கார்ந்திருக்கிறார்.

தினமும் வேலைக்கு முன்னால் பச்சை வாசிப்பு நடக்கும். எல்லோரும் வீடியோ அழைப்பில் சேர வேண்டும். கணினியில் பாதுகாப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். வாசிப்பு மேடம் ஒவ்வொரு வரியாகச் சொல்லுவார். நாங்கள் நிறத்தைச் சொல்ல வேண்டும்.

"வைரஸ் பாதுகாப்பு?"

"பச்சை."

"கணக்குப் பாதுகாப்பு?"

"பச்சை."

"ஃபயர்வால்?"

"பச்சை."

இதற்குள் யாராவது ஒருவர் வீட்டில் மிக்ஸி ஓடும். பெரும்பாலும் மியூட் வீட்டில்தான். என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்தவன். மைக்கை மூட மறந்துவிடுவான், அதனால் அந்தப் பெயர். அவன் வீட்டில் யாருக்கு யார் மேல் கோபம் என்பது கம்பெனி முழுவதற்கும் தெரியும்.

கடைசியில் உறுதிமொழி. எழுந்து நின்று சொல்ல வேண்டும். "தெரியாத எதையும் தட்ட மாட்டேன். தெரிந்ததையும் யோசிக்காமல் தட்ட மாட்டேன். எச்சரிக்கையை எச்சரிக்கையாக மதிப்பேன்." பிறகு உட்கார்ந்து, திரையில் எதையாவது தட்டி வேலையைத் தொடங்குவோம்.

அன்று ஐந்தாவது வரியில் எனக்கு மஞ்சள் வந்தது.

"சாதனப் பாதுகாப்பு?" என்றார் மேடம்.

எல்லோரும் பச்சை என்றார்கள். நான் மஞ்சள் என்றேன். மிக்ஸி நின்றது.

"நேத்து பச்சையாதானே இருந்தது?"

"ராத்திரி ஒரு அப்டேட் வந்தது மேடம்."

"அப்டேட் பாதுகாப்புக்குத்தானே வருது?"

"ஆமா மேடம். வந்து, பாதுகாப்பு இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருக்கு."

"மஞ்சள்காரங்க மட்டும் இருங்க. மத்தவங்க போகலாம்."

முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நானும் மேடமும் மிஞ்சினோம். திரையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். 'நினைவக ஒருமைப்பாடு நிறுத்தப்பட்டுள்ளது. உங்கள் சாதனம் பாதிப்புக்கு உள்ளாகலாம்.' கீழே ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது.

"அதை ஆன் பண்ணுங்க. அவ்வளவுதான்."

தட்டினேன். திரை இருண்டு, நடுவில் ஒரு பெட்டி வந்தது. 'இந்த மாற்றத்துக்கு நிர்வாகியின் கடவுச்சொல் தேவை. உங்கள் நிர்வாகியை அணுகவும்.' அதற்குக் கீழே அவள் பெயர். வட்டத்துக்குள் அவள் முகம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணினியை வாங்கியது அவள். பெட்டியைப் பிரித்தது, ஒயர் மாட்டியது எல்லாம் அவள். நான் தெர்மோகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் தடவை திறந்தபோது அது நிர்வாகி யார் என்று கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தெர்மோகோலைப் பார்த்தேன். "நான்தான் நிர்வாகி. நீ சாதா," என்றாள். கணினி அவளை நிர்வாகி என்றும் என்னைச் சாதாரணப் பயனர் என்றும் எழுதிக்கொண்டது. வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அதைக் கணினி தனியாகச் சொல்லத் தேவையில்லை.

"உங்க நிர்வாகி யாரு?" என்றார் மேடம்.

"என் மனைவி."

"பக்கத்துல இருக்காங்களா? கூப்பிடுங்க."

"இறந்துட்டாங்க மேடம்."

மேடம் எதையோ திறந்தார். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "நிர்வாகி கிடைக்காததுக்குக் காரணம் போடணும். இதுல நாலுதான் இருக்கு. விடுப்பில் இருக்கிறார். பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். நீக்கப்பட்டார். ஒத்துழைக்க மறுக்கிறார்."

"எங்க பிரிவுல அஞ்சாவதா ஒண்ணு இருக்கு மேடம். பெறுநர் காலமாயிட்டார்னு பார்சலைத் திருப்பி அனுப்புவோம். தனிக் குறியீடே உண்டு."

"உங்க பிரிவு வேற, எங்க பிரிவு வேற. நாங்க பாதுகாப்பு. இந்த மாதிரி நடந்துடுங்கிற எண்ணத்துல எங்களால ஒரு பட்டியல் போட முடியாது."

"சரி மேடம்."

"விடுப்புன்னு போடட்டுமா? ஆனா திரும்பி வர்ற தேதி கேட்கும்."

"வேண்டாம்."

"அப்ப, ஒத்துழைக்க மறுக்கிறார்தான். மனசுல வெச்சுக்காதீங்க, அது சும்மா ஒரு பேச்சுக்கு."

மறுநாள் அவளுக்கு மின்னஞ்சல் போனது. நகல் எனக்கு. முன்பு ஒருமுறை கம்பெனி எல்லார் வீட்டு நிர்வாகிகளின் முகவரியையும் வாங்கி வைத்திருந்தது. 'அம்மையீர், தங்கள் கட்டுப்பாட்டிலுள்ள சாதனம் மஞ்சள் நிலையில் இருப்பது எமது கவனத்துக்கு வந்துள்ளது. பலமுறை அழைத்தும் தாங்கள் மௌனம் சாதிப்பது வருத்தத்துக்குரியது. தங்கள் மௌனத்தால் ஒரு ஊழியரின் வேலை பாதிக்கப்படுவதைத் தாங்கள் உணர வேண்டும்.'

நான் எழுந்து கூடத்தில் நடந்தேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். அவள் இருந்திருந்தால் இதற்கு என்ன பதில் போட்டிருப்பாள் என்று தெரியும். அதைக் கம்பெனி மின்னஞ்சலில் போட முடியாது.

எனக்கு வந்த கடிதம் சுருக்கம். மாத முடிவுக்குள் கணினி பச்சைக்கு வர வேண்டும். வராவிட்டால் முழுத் துடைப்பு. அதாவது கணினியில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, கடையிலிருந்து வந்த அன்று இருந்தது போல ஆக்குவது. அவள் கணக்கும் போகும், அதில் இருப்பவையும் போகும். பிறகு நான் நிர்வாகியாகலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதி ரத்து. அலுவலகத்தில் நாற்காலி இல்லை என்பதால் வேலையும் ரத்து.

மியூட் கூப்பிட்டான்.

"டேய், ஃபார்மேட் அடிச்சிட்டுப் போயேன். அரை நாள் வேலை. நான் வேணா வந்து பண்ணித் தர்றேன்."

"அவ கணக்கு அதுல இருக்கு."

"உள்ள என்ன இருக்கு?"

"தெரியாது."

"போட்டோவா? வீடியோவா?"

"தெரியாதுடா. உள்ளே போனதில்ல."

"தெரியாத ஒண்ணுக்கு வேலைய விடுவியா?"

பின்னால் அவன் மனைவியின் குரல் கேட்டது. "அவரை ஏன் போட்டு நோண்டுற? நீ உன் மைக்கை மூடு முதல்ல." போனிலும் அவனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

நான் போனை வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். மூடினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால், அது வேண்டுமா வேண்டாமா என்று ஒரு முடிவுக்கு வரலாம். தெரியாததை எப்படி அழிப்பது? மாமியாரைக் கூப்பிட்டேன்.

"அதுல கை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன் மாப்பிள்ளை," என்றார்.

"நான் வைக்கல அத்தை. கம்பெனி வைக்குது."

"உங்க கம்பெனிக்கு என் பொண்ணு என்ன கடன்பட்டிருக்காளா? அவ பாட்டுக்கு அவ பொட்டியில இருக்கா."

பொட்டி என்று அவர் சொன்னது கணினியை. நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

அடுத்த வாரம் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளக்கும் டேப். வாசலில் நின்று என் அடையாள அட்டையைக் கேட்டார். காட்டினேன். அவருடையதைக் கேட்டேன். "ரொம்ப நல்லது. கேட்கணும்," என்று எதையோ குறித்துக்கொண்டார். காட்டவில்லை.

கணினிக்கும் ஜன்னலுக்கும் நடுவே அளந்தார். ஜன்னலுக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் நடுவே கண்ணால் அளந்தார். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். "அவர் தினமும் அங்க நிக்கிறாரா?" என்றார். "துணி துவைக்கிற அன்னைக்கு," என்றேன். குறித்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அவள் பெயரைத் தட்டினார். 'கேமராவைப் பார்க்கவும்' என்றது.

அவள் கணக்கை இரண்டு விதமாகத் திறக்கலாம். கடவுச்சொல் ஒன்று. முகம் ஒன்று.

"முகம் போதுமே," என்றார் ஆய்வாளர். சுவரைப் பார்த்தார். சுவரில் அவள் படம் மாட்டியிருந்தது. "அதைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தேன். கேமராவுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். 'உங்களை அடையாளம் காண முடியவில்லை' என்றது.

"கொஞ்சம் கிட்ட."

கிட்டே கொண்டுபோனேன். 'சற்றுத் தள்ளி உட்காரவும்' என்றது.

"தள்ளிப் பிடிங்க. ஆங். இப்ப லேசா ஆட்டுங்க. உயிரோட இருக்கிற மாதிரி."

ஆட்டினேன். கை வலித்தது. கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் பட்டு அவள் முகம் வருவதும் போவதுமாக இருந்தது. 'உங்களை அடையாளம் காண முடியவில்லை. கண்ணாடி அணிந்திருந்தால் கழற்றவும்.'

ஆய்வாளர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா சார்? செத்தவங்க போட்டோவ வெச்சு ஏமாத்த முடியல. அருமையான கணினி. இந்த மாதிரி ஒண்ண மஞ்சள்னு சொல்றதுக்கு எனக்கே கஷ்டமா இருக்கு."

படத்தைத் திரும்ப மாட்டினேன். கோணலாக நின்றது. ஆய்வாளர் எழுந்து நேராக்கிவிட்டார். அதற்கு மட்டும் நன்றி சொன்னேன்.

அவரது அறிக்கையின் பேரில் ஒரு குழு அமைத்தார்கள். கடவுச்சொல்லைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கணினி மூன்று கேள்விகள் கேட்கும் என்றும், அவற்றுக்குச் சரியாகப் பதில் சொன்னால் புதுக் கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம் என்றும் குழு கண்டுபிடித்தது. இது எனக்கும் தெரியும். கேள்விகளைப் பார்த்திருக்கிறேன். பதில்தான் தெரியவில்லை. கல்யாணமாகி நான்கு வருடம். ஒரு கேள்விக்கும் பதில் தெரியாது என்பதை வெளியே சொல்லவில்லை.

குழு கூடியது. ஆய்வாளர் என் வீட்டில், கணினிக்கு முன்னால். நலப் பிரிவின் இயக்குநர் என் கைபேசித் திரையில், ஒரு கொடிக்கும் ஒரு கோப்பைக்கும் நடுவில். மாமியார் நேரில் வந்துவிட்டார். பையைக் கீழே வைக்காமலே ஆய்வாளரைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"இதுதாம்மா வேலை."

"பாவம்," என்று உட்கார்ந்தார்.

முதல் கேள்வி. 'உங்கள் முதல் செல்லப் பிராணியின் பெயர் என்ன?'

நான் நாய் என்று நினைத்திருந்தேன். மாமியார் சிரித்தார். "நத்தை. மழைக்காலத்துல பிடிச்சிட்டு வந்தா. ஊறுகாய் பாட்டில்ல போட்டு, மூடியில ஓட்டை போட்டு வெச்சிருந்தா. பேரு எக்ஸ்பிரஸ்."

ஆய்வாளர் எக்ஸ்பிரஸ் என்று அடித்தார்.

இரண்டாவது. 'சிறுவயதில் உங்களை எப்படி அழைப்பார்கள்?'

"அலாரம். அழ ஆரம்பிச்சா தெருவே எழுந்து உட்கார்ந்துடும். அவங்க அப்பா கடிகாரமே வாங்கல."

அலாரம் என்று அடித்தார். நான் சுவர்ப் படத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தேவைப்படவில்லை போலிருக்கிறது.

மூன்றாவது. 'உங்கள் பெற்றோர் முதன்முதலில் சந்தித்த ஊர் எது?'

"சந்திச்சோமா? சண்டை போட்டோம். பஸ்ல, ஜன்னல் சீட்டுக்கு."

"எந்த ஊரும்மா?"

"பஸ் ஓடிட்டு இருந்தது தம்பி. ரெண்டு ஊருக்கும் நடுவுல."

"நடுவுலன்னு போட முடியாதும்மா."

"அதுக்கு நான் என்ன பண்றது? பஸ்ஸை நிறுத்திட்டா சண்டை போட முடியும்?"

இயக்குநர் கைபேசியிலிருந்து தலையிட்டார். "ஏறிய ஊரைப் போடுங்கள்." போட்டார். 'தவறு' என்றது. இறங்கிய ஊரைப் போட்டார். தவறு. சீட்டு யாருக்குக் கிடைத்தது என்று இயக்குநர் கேட்டார். அது குழுவுக்குத் தேவையில்லை என்று மாமியார் சொல்லிவிட்டார்.

பிறகுதான் ஆய்வாளர் கவனித்தார். மூன்றாவது மட்டும் இல்லை, மூன்றுமே தவறு. நத்தையும் தவறு, அலாரமும் தவறு.

மாமியார் எழுந்துவிட்டார். "என்ன தவறு? பெத்தவளுக்குத் தெரியாததா? அந்த எக்ஸ்பிரஸுக்குக் கீரை பறிச்சுப் போட்டவளே நான்தான்."

கைபேசியில் இயக்குநர் மெல்லப் புன்னகைத்தார். நலப் பிரிவு முன்பு எல்லா வீட்டு நிர்வாகிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார். "பாதுகாப்புக் கேள்விகளுக்கு ஒருபோதும் உண்மையான பதிலை அளிக்காதீர்கள். உங்களை நன்கு அறிந்தவர்களே உங்கள் கணினியின் முதல் எதிரிகள்." கண்ணாடியைக் கழற்றினார். "இந்த அம்மையார் எங்கள் சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியிருக்கிறார். இதுவரை யாருமே அதைப் படித்ததாகக்கூட எங்களுக்குத் தகவல் இல்லை. நான் நெகிழ்ந்துபோயிருக்கிறேன்."

"உண்மையைச் சொன்னா திறக்காதா?" என்றார் மாமியார். "என்ன பொட்டிங்க இது?"

ஆய்வாளர் டேப்பைச் சுருட்டினார். மாமியார் அன்று முழுக்க என்னோடு இருந்தார். கெட்டிலைப் பார்த்துவிட்டு, "இதை எத்தனை தரம் கொதிக்க வெப்பீங்க?" என்றார். நத்தையைப் பற்றி இன்னும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எழுந்து போய்க் குழாயை மூடினேன். அது மூடித்தான் இருந்தது.

மாத முடிவுக்கு முன்னால் இயக்குநர் என்னை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். துடைப்புக்குச் சம்மதம் கேட்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். வழியில் பேருந்தைவிட்டு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். உட்கார முடியவில்லை.

அறையில் ஒரு பெரிய திரை. அதில் இரண்டு கம்பங்கள் வரைந்திருந்தார்கள். ஒன்று தரையோடு தரையாக இருந்தது. இன்னொன்று கூரையைத் தொட்டது.

"உங்கள் கணினியின் ஆபத்தை நாங்கள் ஆள்வாரியாகக் கணக்கிட்டோம்," என்றார் இயக்குநர். தனியாக என்னிடம் பேசும்போதும் மேடையில் நிற்பது போலத்தான் பேசுவார். "கணினிக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து என்று மக்கள் நினைக்கிறார்கள். தவறு. நாற்காலியிலிருந்து வருகிறது. நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும் ஆபத்து தொடங்குகிறது. சோதனைக்காக நாங்கள் எல்லோருக்கும் போலி மின்னஞ்சல்கள் அனுப்புவோம், யார் ஏமாந்து தட்டுகிறார்கள் என்று பார்க்க. உங்கள் மனைவிக்கும் வாரம் தவறாமல் அனுப்பினோம். பரிசு விழுந்திருக்கிறது என்றோம். தட்டவில்லை. கணக்கு முடக்கப்படும் என்றோம். அஞ்சவில்லை. உங்கள் கணவர் ஆபத்தில் இருக்கிறார், உடனே இங்கே தட்டுங்கள் என்றோம். அசையவில்லை!"

மேசையைத் தட்டினார். தண்ணீர்க் குவளை அதிர்ந்தது.

"கம்பெனியிலேயே ஒரு தடவைகூடத் தப்பாகத் தட்டாத ஒரே பயனர் அவர்தான். என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். நானே பரிசுக்குத் தட்டிவிட்டேன். நானே அனுப்பியது."

"அந்தப் பெரிய கம்பம் யாரு சார்?"

"நீங்கள்."

நான் தினமும் உள்ளே போகிறேன். தட்டுகிறேன், திறக்கிறேன், கடவுச்சொல் தப்பாக அடிக்கிறேன். ஒருமுறை ஒரு பாட்டைத் தேடியிருக்கிறேன். எல்லாம் கம்பமாக நின்றது.

"ஆகவே குழு ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறது. அந்தக் கணினிக்கு ஆபத்து நீங்கள்தான். பதிவேட்டிலிருந்து உங்களை நீக்கிவிட்டோம். இனி அவர் ஒருவரே அதன் பயனர். இன்று காலை முதல் உங்கள் கணினி எங்கள் கணக்கில் பச்சை."

"திரையில இன்னும் மஞ்சள்தான் சார் காட்டுது."

"பார்க்கத்தான் இனி ஆள் இல்லையே."

"அப்ப துடைக்க மாட்டீங்க?"

"முன்மாதிரிப் பயனரைத் துடைப்பதா? நீங்கள் அதைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் வேலைக்குக் கம்பெனி ஒரு புதுக் கணினி தரும்."

நான் கொஞ்ச நேரம் கம்பத்தைப் பார்த்தேன். "சார், புதுக் கணினியை முதல் நாளே குடுத்திருந்தா இவ்வளவும் வேண்டாமே?"

இயக்குநருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "முதல் நாள் எப்படித் தருவது? முதல் நாள் வழக்கே இல்லையே."

பாதுகாப்பு வாரம் என்று ஒன்று கொண்டாடினார்கள். அதில்தான் விருதும் புதுக் கணினியும் தருவதாக ஏற்பாடு. கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். மியூட் முன்வரிசையில் மனைவியோடு வந்திருந்தான். மாமியார் மறுபக்கத்தில், மடியில் பையோடு. மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு சுவரொட்டி தொங்கியது. அதில் அவள் முகம். வட்டத்துக்குள் இருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். கட்டம் கட்டமாக உடைந்து, தூரத்திலிருந்து பார்த்தால்தான் அவள் என்று தெரிந்தது. நான் கிட்டே நின்றேன்.

படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், 'பூட்டாமல் ஓர் அடியும் எடுத்து வைக்காதீர்கள்.' அதற்கும் கீழே சின்ன எழுத்தில், 'முன்மாதிரி நிர்வாகியின் கடைசி வார்த்தைகள்.'

வாசிப்பு மேடத்தைக் கேட்டேன். "இதை யார் மேடம் சொன்னது?"

"உள்ளடக்கக் குழு எழுதினது. அவங்க கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேட்டு உங்களுக்கு மெயில் போட்டோமே. நீங்க பதிலே போடல."

"அதுல ஒரு லிங்க் இருந்தது மேடம். தட்டல."

மேடம் ஒரு கணம் யோசித்தார். "சரியாத்தான் பண்ணியிருக்கீங்க," என்றார்.

இயக்குநர் பேசினார். பிறகு என் காதருகே குனிந்தார். முதல்முறையாகச் சாதாரணமாகப் பேசினார். "ரெண்டு நிமிஷம்தான். சுவரொட்டியில இருக்கிறதைப் படிச்சு, அவங்க சொன்னதுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எல்லாக் கிளைக்கும் போகப்போகுது. குடும்பத்து ஒப்புதல் இருந்தாதான் இந்த வழக்கை மூட முடியும். மூடலைன்னா அது திறந்தே இருக்கும். திறந்திருந்தா மறுபடி மஞ்சள், மறுபடி துடைப்பு. எனக்கும் மேல ஆள் இருக்காங்க, புரியுதா?"

புரிந்தது. புதுக் கணினி மேசைமேல் பெட்டியோடு இருந்தது. அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். நிர்வாகி, இல்லக் கணினி நலப் பிரிவு. பயனர், நான். ஆமாம் என்று சொன்னால் பெட்டி என் கைக்கு வரும். வீட்டில் இருப்பது அப்படியே இருக்கும். ஒரு சொல்தான். எனக்கு அதில் பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. கொஞ்ச நாளாக எனக்கு எதிலும் பெரிய எதிர்ப்பு இல்லை.

மைக்கைப் பிடித்தேன். சுவரொட்டியைத் திரும்பிப் பார்த்து, படிக்க வாயைத் திறந்தேன். மாமியார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று அவருக்கும் தெரியாது. யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. மின்னஞ்சலில் இவர்கள்தான் கேட்டார்கள்.

"இது அவ சொன்னதில்ல," என்றேன்.

கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. இயக்குநர் என் முழங்கையைத் தொட்டார். நான் மைக்கை விடவில்லை.

"அன்னைக்குக் குளியலறை பல்பு போயிருந்தது. வாங்கத் தெருமுனைக் கடைக்குத்தான் கிளம்பினா. செருப்பை மாட்டிட்டு, படியில இறங்கினா. நான் கதவுகிட்ட நின்னேன். ரோட்டுல வேன் வந்து மோதினது அதுக்கு அப்புறம். அவ பாதிப் படியில திரும்பிப் பார்த்து ஒண்ணு சொன்னா. அதுதான் கடைசி."

இயக்குநர் கையை எடுத்துவிட்டார். நான் அதை அப்படியே சொன்னேன்.

"தாப்பாள் போட்டுடாத. நான் சாவி எடுக்கல. இதோ வந்துட்டேன்."